ரமா தவம் கலைந்த கதை

போன மாசம் ஒரு மத்தியானம் மாத்தூர் எம்.எம்.டி.ஏ. பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ரோட்டோரமா வரிசையாக கண்டெய்னர் லாரிகள். ஹார்பருக்குள்ளே போகணும்னா வரிசை நகரணும். வரிசை எப்ப நகரும்னு யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இது பழகிப்போன காட்சி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவர் தம்பி சங்ககிரிக்காரர். என் கையில் இருந்த நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்கண்ணா, கட்டம் கட்டமா போடறீங்க?" என்றார்.

குறுக்கெழுத்து என்றேன்.

"அதுக்கெல்லாம் பொது அறிவு வேணுமுங்களே. நான் பத்தாவது ஃபெயிலுங்க."

பொது அறிவு வேண்டாம், இந்தப் பக்கம் லாரி ஓட்டுகிற அறிவு போதும் என்று சொல்லி, நோட்டில் ஒரு தாளைக் கிழித்து ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்.

பால் பண்ணை ஊரில் ரமா தவம் கலைந்தது (5)

அவர் இரண்டு தடவை படித்தார். "யாருங்கண்ணா அந்த ரமா?"

யாரும் இல்லை. அதுதான் விஷயமே. இந்த வகைப் புதிரில் எழுதியிருக்கிற கதை ஒரு வேஷம். ரமா கிடையாது, தவம் கிடையாது, கலைத்தவரும் கிடையாது. வேஷத்தைக் கழற்றினால் உள்ளே இரண்டு தனித்தனித் தகவல் இருக்கும். ஒன்று, விடையின் பொருள். அது வரியின் ஆரம்பத்திலோ கடைசியிலோதான் நிற்கும், நடுவில் நிற்காது. இன்னொன்று, விடையின் எழுத்துகளைச் செய்யும் முறை. அடைப்புக்குள் இருக்கிற 5 என்பது விடையில் எத்தனை எழுத்து என்று சொல்கிறது. இவ்வளவுதான் அவருக்குச் சொன்னேன். டீ ஆறிப்போகும் வரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பால் பண்ணை ஊருன்னா, மாதவரமுங்களா?"

நான் பதில் சொல்லவில்லை.

"சரிங்களா?"

"நீங்களே பாருங்க. 'ரமா தவம்'னு எழுதியிருக்கு. அது 'கலைந்தது'ன்னும் எழுதியிருக்கு."

விரலை விட்டு எண்ண ஆரம்பித்தார். ர, மா, த, வ, ம். அப்புறம் மாதவரத்தை எண்ணினார். மா, த, வ, ர, ம். அதே ஐந்து எழுத்து, இடம் மட்டும் மாறியிருக்கு. சட்டென்று நிமிர்ந்து, "சரிதானுங்க. நீங்க சொல்லவே வேண்டாம்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

எங்க தாத்தா ராயபுரத்தில் குடியிருந்து ஹார்பரில் மூட்டை இறக்கினவர். எழுதப் படிக்கத் தெரியும், அதில் பெருமையும் உண்டு. 1950களின் ஆரம்பத்தில் பத்திரிகைகளில் வந்த குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டிகளுக்கு காசு கட்டி விடை அனுப்புவார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவையும் விழவில்லை. அந்தப் போட்டிகளின் குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு நானே ஒரு மாதிரி போடுகிறேன்: "ஏழைக்கு இது இருந்தால் போதும் (3)". குணம் என்றும் எழுதலாம், பணம் என்றும் எழுதலாம். இரண்டும் மூன்று எழுத்து. பின்னால் இருக்கிற 'ணம்' வேறு சொல்லோடு குறுக்கே வெட்டி நிச்சயமாகிவிடும். முதல் கட்டம் மட்டும் எதோடும் வெட்டாமல் காலியாக நிற்கும். அங்கே கு-வா ப-வா என்பது போட்டி நடத்துகிறவர் மனசில் இருக்கிற ரகசியம். "குணம்னு எழுதினா பணம்பான், அடுத்த வாரம் பணம்னு எழுதினா குணம்பான்" என்பது தாத்தாவின் புலம்பலாம். வார்த்தை இதுவேதானா தெரியாது, அப்பா இப்படித்தான் நடித்துக் காட்டுவார்.

இதில் தாத்தாவுக்கு வலித்தது போன காசு இல்லை. அவர் எழுதியது தப்பு என்று ஒருத்தரும் விளக்கவில்லை, விளக்கவும் முடியாது. இரண்டும் சரி, ஆனால் ஒன்றுக்குத்தான் பரிசு. இது தாத்தா ஒருத்தர் பிரச்சினையும் இல்லை. நாடு முழுக்க இந்த மாதிரிப் போட்டிகள் ஓடி, கடைசியில் 1955ல் பாராளுமன்றம் பரிசுப் போட்டிகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு 1000 ரூபாயைத் தாண்டக் கூடாது, அதற்குள் என்றாலும் உரிமம் வாங்க வேண்டும் என்று வைத்தார்கள். குறுக்கெழுத்துப் போட்டி என்று பெயர் சொல்லியே அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதை எதிர்த்துப் போன சாமர்பாக்வாலா வழக்கில் 1957ல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது: இந்தச் சட்டம் அதிர்ஷ்டத்தை நம்பி நடக்கிற போட்டிக்குத்தான், திறமையால் ஜெயிக்கிற போட்டி இதில் வராது என்று. சூதாட்டத்துக்கும் திறமைக்கும் நடுவில் எங்கே கோடு என்று இன்றைக்கு ரம்மி வழக்குகளில் வாதாடுகிறவர்களும் இந்தத் தீர்ப்பில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

ரமா தவம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். பால் பண்ணை ஊர் என்றதும் மாதவரம் தோன்றுவது ஒரு ஊகம். அந்த ஊகத்தை இன்னொரு வழியாகவும் உரசிப் பார்க்கலாம். இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது, அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். தமிழில் இதைச் சங்கேதக் குறுக்கெழுத்து என்று சொல்கிறோம்.

கொஞ்சம் பூர்வீகம். கட்டம் போட்ட குறுக்கெழுத்து முதலில் வந்தது 1913 டிசம்பர் 21, நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில், ஆர்தர் வின் என்பவர் கையால். அது நேரடிப் பொருள் கேட்கிற வகை. வார்த்தையை உடைத்து வேஷம் போடுகிற வகை இங்கிலாந்தில் வளர்ந்தது. 1926ல் இருந்து அப்சர்வர் பத்திரிகையில் அமைத்த எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ், டோர்க்கமாடா என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். அவருக்கு அப்புறம் வந்த மக்நட், ஜிமெனிஸ் என்று வைத்துக்கொண்டார். இரண்டுமே ஸ்பெயினில் மத விசாரணை நடத்தி ஆட்களை வாட்டின தலைவர்களின் பெயர்கள். புதிர் போடுகிறவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று இதிலேயே தெரிகிறது. ஆனால் ஜிமெனிஸ்தான் வாட்டுவதற்கும் ஒரு நியாயம் வேண்டும் என்று 1966ல் ஒரு புத்தகமே எழுதினார். படிக்கிறவனை எவ்வளவு வேண்டுமானாலும் ஏமாற்றலாம். ஆனால் பிரித்துப் பார்க்கும்போது ஒவ்வொரு வார்த்தையும் சொன்னதைச் செய்திருக்க வேண்டும், வேலை இல்லாமல் ஒரு வார்த்தையும் நிற்கக் கூடாது.

நம்ம ஊரில் இந்த ஆட்டம் ஆங்கிலப் பத்திரிகை வழியாக வந்தது. ஹிந்து நாளிதழுக்கு 1970களில் குறுக்கெழுத்து அமைத்தவர்களில் ஒருவர் அட்மிரல் ராம்தாஸ் கடாரி. செங்கல்பட்டில் பிறந்தவர், 1958ல் இந்தியக் கடற்படைக்குத் தலைவரான முதல் இந்தியர். கப்பலில் இருந்து இறங்கின மனுஷன் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது எங்க ஏரியாக்காரனுக்கு ரொம்பப் பிடித்த தகவல். ஆனால் அந்தக் கட்டம் எங்க வீட்டுக்குள் வரவே இல்லை. ஃப்ளவர் என்று எழுதிவிட்டு, பூ இல்லை, 'ஃப்ளோ' ஆகிறது அதனால் ஆறு என்று சொல்கிற விளையாட்டு அது. அந்த மொழியிலேயே சிரித்து சண்டை போட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் அது சட்டென்று எட்டும். நான் காலேஜில் முயற்சி பண்ணினேன். ஒரு வருஷத்தில் முழுசா முடித்தது இரண்டோ மூன்றோ. அப்போதெல்லாம் அது மூளை உள்ளவர்கள் ஆடுகிற ஆட்டம், நமக்கு அது இல்லை என்றே நம்பினேன்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தது தமிழில் வந்த புதிர்கள். கலிபோர்னியாவில் இருந்து வருகிற தென்றல் இதழில் வாஞ்சிநாதன் அமைத்த குறுக்கெழுத்துப் புதிர்கள் இந்த வகைதான். கட்டமே இல்லாமல் ஒற்றைக் குறிப்பாகவும் போடுவார், அதற்கு அவர் வைத்த பெயர் உதிரிவெடி. சரத்தில் இருந்து உதிர்ந்த ஒரே ஒரு வெடி. அதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, எனக்கு மூளை இல்லாமல் இல்லை, மொழி வேறாக இருந்தது அவ்வளவுதான் என்று.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். தமிழில் இறங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு கட்டத்தில் எது உட்காரும் என்பது. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. தமிழிலும் அப்படியே, ஆனால் நம்ம எழுத்து என்பது உயிர்மெய் முழுசாக ஒன்று. மா ஒரு கட்டம். யூ ஒரு கட்டம். புள்ளி வைத்த ம் தனிக் கட்டம். இதில் நானே ஒரு தடவை குழியில் விழுந்தேன். "கடலைக்குள் சமுத்திரம் (3)" என்று ஒரு குறிப்பு எழுதி, கடலை என்ற சொல்லுக்குள்ளேயே கடல் ஒளிந்திருக்கு பார் என்று வீட்டில் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தேன். எட்டாவது படிக்கிற அக்கா பொண்ணு வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல க இருக்கு, ட இருக்கு, அப்புறம் லை இருக்கு. ல் எங்க இருக்கு?" என்றாள். இல்லைதான். கண்ணுக்கு இருக்கிற மாதிரி தெரியும், கட்டத்துக்குள் வைத்தால் இருக்காது. கடலைக்குள் கடல் இல்லை. அந்தக் குறிப்பு செத்தது.

உண்மையிலேயே ஒளிந்திருப்பதற்கு இது:

அக்கா சிரிப்பில் ஒளிந்திருக்கும் கங்கைக்கரை ஊர் (2)

வார்த்தைகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை அழித்துவிட்டுப் படியுங்கள். அ, க், கா, சி, ரி, ப்... நடுவில் காசி. 'ஒளிந்திருக்கும்' என்பது என்ன செய்யணும் என்கிற உத்தரவு, 'கங்கைக்கரை ஊர்' பொருள். ஆரம்பக்காரர்களுக்கு இதைவிட லேசான வகை கிடையாது, விடை கண் முன்னாலேயே எழுதியிருக்கும். எழுதுகிறவனுக்குத்தான் கஷ்டம். தமிழ்ச் சொற்கள் ண, ழ, ற என்று ஆரம்பிக்காது, அதனால் ஒரு சொல்லின் வாலும் அடுத்ததன் தலையும் சேர்ந்து புதுச் சொல் ஆவது அபூர்வம்.

கையில் காசி இருக்கிறபோதே அடுத்ததைப் பார்த்துவிடலாம்.

கங்கைக்கரை ஊர், பள்ளமல்ல: மீன் ஏலம் போகும் இடம் (4)

காசி வந்துவிட்டது. பள்ளம் இல்லை என்றால் மேடு. காசிமேடு. துண்டு துண்டாகக் கொடுத்து ஒட்டச் சொல்கிற வகை. இதற்கு உத்தரவுச் சொல்லே தேவையில்லை, பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

இரண்டு பொருள் மட்டும் கொடுத்து நிறுத்துகிற வகையும் உண்டு. "கடலில் எழும், நாடக மேடையில் விழும் (2)" என்றால் திரை. பிரிக்க எதுவும் இல்லை, ஒரே சொல்லை இரண்டு ஊரில் இருந்து கூப்பிடுகிறோம். ஆங்கிலக்காரர் ஃப்ளவரை வைத்துக்கொண்டு ஆறு என்று ஏமாற்றினார் இல்லையா, நமக்கு ஆறு என்ற சொல்லே அந்த வேலையைச் செய்யும்: "தணி, ஐந்துக்குப் பின் வரும், கொசஸ்தலை (2)". மூன்று பொருளும் ஒரே சொல்லில்.

திருப்பிப் போடுவது இப்படி:

மாலா திரும்பி வந்தாள், திபெத்துத் துறவியாக (2)

மா, லா திரும்பினால் லா, மா. இங்கேயும் கவனியுங்கள், திருப்புவது எழுத்து எழுத்தாக. ஒலியை ரிக்கார்டரில் பின்னால் ஓட்டினால் 'ஆலாம்' மாதிரி ஏதோ ஒன்று வரும், அது நமக்கு வேண்டாம். இந்தக் கணக்கு நாம் புதுசாகப் பண்ணினது இல்லை. விகடகவி என்ற சொல்லைத் திருப்பிப் படிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் இப்படித்தான் படிக்கும். 12ஆம் நூற்றாண்டு தண்டியலங்காரத்தில் சொல்லணி என்ற பகுதியைப் பார்த்தால் இந்த வித்தைகளுக்கெல்லாம் பெயரே இருக்கிறது. முன்னும் பின்னும் ஒன்றாகப் படிப்பது மாலைமாற்று. எழுத்து ஒன்றொன்றாகக் கழன்று வேறு வேறு சொல் ஆவது அக்கரச்சுதகம். ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளின் எழுத்துகள் ஒளிந்திருப்பது கரந்துறை செய்யுள். கேள்விகளாகக் கேட்டு, பதில்களைச் சேர்த்தால் கடைசிப் பதில் கிடைப்பது வினாவுத்தரம், அதாவது நம்ம காசிமேடு வகை. சங்கேதக் குறுக்கெழுத்து இங்கிலாந்தில் இருந்து வந்தது என்பது உண்மைதான், அதை மாற்றிப் பேச எனக்கு ஆசையில்லை. ஆனால் இங்கே வந்து இறங்கின சரக்குக்கு கிடங்கு ஏற்கெனவே கட்டி வைத்திருந்தது என்று சொல்லலாம்.

கழற்றுவதும் ஒட்டுவதும் சேர்ந்து வந்தால் எப்படி இருக்கும்?

ராயர் முடிக்கவில்லை, புட்டி திறப்பில் ரம்: 1856ல் ரயில் கிளம்பிய இடம் (5)

முதல் தடவை படிக்கும்போது ஒரு பெரிய மனுஷர், பாதியில் விட்ட ஏதோ ஒரு வேலை, ஒரு பாட்டில். அதை மறந்துவிடுங்கள். 'ராயர் முடிக்கவில்லை' என்றால் ராயர் என்ற சொல்லை முடிக்காமல் விடு: ராய. 'புட்டி திறப்பு' என்றால் புட்டி என்ற சொல் திறக்கிற எழுத்து, அதாவது முதல் எழுத்து: பு. ரம் அப்படியே ரம். ராய, பு, ரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பினது, அந்த ஸ்டேஷன் கட்டிடம் இப்பவும் இருக்கு. பொருளைத் தெரிந்தவருக்கு முதலிலேயே விடை தெரிந்துவிடும். தெரியாதவருக்கு துண்டுகளை ஒட்டினால் விடை வரும், கூடவே ரயில் கதையும் தெரிந்துவிடும். புதுசாக ஆடுகிறவருக்கு நான் சொல்வது, தெரிந்த பக்கம் எதுவோ அந்தப் பக்கமாக உள்ளே போங்கள், ஆனால் அடுத்த பக்கமாக வெளியே வராமல் பேனாவை எடுக்காதீர்கள்.

இந்த உத்தரவுச் சொற்கள் விஷயத்தில் தமிழ் ரொம்ப தாராளம். எழுத்தை இடம் மாற்றச் சொல்ல கலை, குழம்பு, சிதறு, உருண்டு புரண்டு எல்லாம் இருக்கு. தலை, இடை, வால் என்று சொல்லுக்கே உடம்பு வைத்துப் பேசுகிறோம், அதனால் தலையிழந்த, இடை மெலிந்த, வாலறுந்த என்று எதை வேண்டுமானாலும் வெட்டலாம். தவம் கலைந்தது என்பது மட்டும் எனக்குத் தானாக விழுந்தது. மாதவரத்தின் ஐந்து எழுத்தையும் துண்டுத்தாளில் எழுதி மேசையில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தபோது 'தவம்' என்று நின்றது, மிச்சம் இரண்டு எழுத்து ரமா ஆனது. தவம் என்றாலே அடுத்த சொல் கலைந்தது என்று நாக்குத் தானே சொல்லும். எழுத்துகளைக் கலைக்கச் சொல்கிற உத்தரவு, வாக்கியத்துக்குள் இவ்வளவு இயல்பாக உட்காருவது எப்பவாவதுதான் நடக்கும். மற்றதெல்லாம் கஷ்டப்பட்டுச் செதுக்கினது.

செதுக்கினதற்கு உதாரணம் மணலி.

முடிவில்லா மலிவுக்கு இடையே பணத்தின் மையம், கச்சா எண்ணெய் காய்ச்சும் ஊர் (3)

மலிவுக்கு முடிவு இல்லை: மலி. பணத்தின் மையம்: ப, ண, ம் மூன்றில் நடு எழுத்து ண. மலிக்கு இடையே ண வைத்தால் மணலி. 1969ல் இருந்து அங்கே சுத்திகரிப்பு ஆலை ஓடுகிறது, அதனால் பொருள் பக்கம் யாரும் சண்டைக்கு வர முடியாது. ஆனால் வாக்கியம் கொஞ்சம் விறைப்பாக நிற்கிறது, எனக்கே தெரியும்.

ஒரு விவகாரமான இடத்தையும் சொல்லிவிடுகிறேன். எண்ணூருக்கு நான் எழுதினது: "நம்பர், கிராமம்: சேர்த்துச் சொன்னால் கொசஸ்தலை கடலில் கலக்கும் இடம் (4)". எண், ஊர். ஆனால் எண் என்பதையும் ஊர் என்பதையும் கட்டத்தில் எழுதினால் எ, ண், ஊ, ர் என்றுதானே வரும்? எ, ண், ணூ, ர் எப்படி வரும்? புணர்ச்சியால் வரும். தனிக்குறிலை அடுத்து நிற்கிற மெய், பின்னால் உயிர் வந்தால் இரட்டிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இதை ஆட்டத்தில் அனுமதிக்கலாமா என்றால், கட்டத்துக்குக் கட்டம் ஒட்டணும் என்கிற கறார் ஆட்கள் கூடாது என்பார்கள். என் கட்சி வேறு. நாம் பேசும்போதே புணர்த்தித்தான் பேசுகிறோம், அதை ஒதுக்கி வைத்தால் பாதித் தமிழை ஒதுக்கின மாதிரி. ஆனால் அப்படிச் செய்கிறபோது 'சேர்த்துச் சொன்னால்' என்று படிக்கிறவருக்கு ஒரு துப்புக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் செய்தால் அது தாத்தாவை ஏமாற்றின கு-ப கதைதான்.

கட்டம் அமைப்பது பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, நான் அதில் தேறவில்லை. ஆங்கிலத்தில் 26 எழுத்து, அதனால் எந்தச் சொல்லும் எந்தச் சொல்லோடும் எங்கேயாவது வெட்டிக்கொள்ளும். நமக்கு 247. மாதவரத்தையும் ராயபுரத்தையும் ர-வில் வெட்டினேன், மாத்தூரையும் எண்ணூரையும் ர்-ல் முடிச்சுப் போட்டேன், அதோடு சரி. மணலியின் லி-க்கு இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களில் ஜோடி தேடி இரண்டு நாள் போனது. பழவேற்காட்டைப் புலிகாட் என்று எழுதினால்தான் உண்டு. அமைக்கிறவனுக்கு இவ்வளவு தொல்லை தருகிற அதே விஷயம் விடை தேடுகிறவருக்குப் பெரிய உதவி. ஆங்கிலக் கட்டத்தில் ஒரு ஈ விழுந்தால் ஒன்றும் தெரியாது. தமிழ்க் கட்டத்தில் கடைசியில் யூ, ர் என்று விழுந்துவிட்டால் திருவொற்றியூரா கொடுங்கையூரா என்று கட்டத்தை எண்ணிப் பார்க்கிற வேலைதான் மிச்சம்.

சொந்த ஊரை விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மார் நடுவே துப்பும் சத்தம், எங்க ஊர் (4)

மார் என்ற சொல்லுக்கு நடுவே த்தூ. மா, த், தூ, ர். இதை வாசித்துக் காட்டினதும் அம்மா, "ஏண்டா, இருக்கிற ஊரைப் பத்தி எழுத உனக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா?" என்றாள். கிடைக்கலைதான். த் முன்னால் வந்து நிற்கிற சொல் தமிழில் வேறு எங்கே இருக்கு? துப்புகிற சத்தத்தில்தான் இருக்கு.

டிரைவர் தம்பி கதை பாக்கி இருக்கிறது. அன்றைக்கு வரிசை நகர்ந்து அவர் கிளம்பிப் போகும்போது நம்பர் வாங்கிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து வாட்ஸப்பில் ஒரு வரி வந்தது: "யூனியன் முடியலை, மலை ஏறணும், லாரிக்காரங்க ஊரு (5)". பேச்சு நடையில் இருந்தாலும் பிரித்துப் பார்த்தால் ஒழுங்காகப் பிரிகிறது, ஒரு இடம் தவிர. 'ஏறணும்' எந்த வேலையும் செய்யவில்லையே என்று எழுதினேன்.

"லாரில கிளீனர் மாதிரிங்கண்ணா. ஒரு துணைக்கு இருக்கட்டும்."

துணைக்கு ஆள் வைக்கக் கூடாது, இந்த ஆட்டத்தில் எல்லாரும் மூட்டை தூக்கணும் என்று பதில் போட்டேன். சாயங்காலம் திருத்தி அனுப்பினார்.

யூனியன் முடியலை, மலை: லாரிக்காரங்க ஊரு (5)

இந்தத் தடவை சரிங்களான்னு கேட்கவில்லை. விடையை நான் இங்கே போடவில்லை. அந்த ஊர்ப் பெயர் இந்தப் பதிவிலேயே ஒரு இடத்தில் வந்திருக்கு.